பொம்மை கையில் இருக்கட்டும்

 

தொழிலுக்குப் போகும் மகன் தன் சம்பளத்தில் பெரும் பகுதியைச் சினிமா வீரர்களின் உருவங்களுக்குச் செலவிடுகிறான். ஸ்பைடர்மேன், பெட்மேன், அயன்மேன் என்று கண்ணாடி அலுமாரி நிறைந்துவிட்டது. பெட்டியைக்கூடத் திறப்பதில்லை. தம்பி தொட்டால் வீடே இரண்டுபடுகிறது. "எல்லாவற்றையும் உடைத்து வீசுகிறேன்" என்று வாப்பா நிற்கிறார். இரண்டுக்கும் நடுவே உம்மா நின்று, "மார்க்கம் என்ன சொல்கிறது ஹஸ்ரத்?" என்று கேட்கிறார். இன்று பல வீடுகளிலிருந்து வரும் கேள்வி இது.

பதிலுக்கு முன்னர், அந்தப் பொருள் இன்னதென்று நாம் அறிந்துகொள்ள வேண்டும். அறியாத ஒன்றைப் பற்றிப் பேசும் பெற்றோரின் சொல் பிள்ளையின் காதில் ஏறாது.

1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் படைவீரன் உருவில் ஒரு பொம்மையை விற்பனைக்கு விட்டது. ஆண் பிள்ளைக்குப் "பொம்மை" வாங்கிக் கொடுக்கப் பெற்றோர் தயங்குவார்கள் என்பதால் அதற்கு "அக்ஷன் ஃபிகர்" என்று புதுப் பெயர் சூட்டினார்கள். பின்னர் சினிமா வீரர்களின் உருவங்களுக்கும் அப்பெயரே நிலைத்தது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அப்போது அமெரிக்கச் சுங்கத்தில் மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீத வரி, ஏனைய விளையாட்டுப் பொருளுக்கு 6.8 சதவீத வரி. எக்ஸ்மென் உருவங்களை இறக்குமதி செய்த டோய் பிஸ் நிறுவனம், "இவை மனிதர்களே அல்ல" என்று வழக்காடியது. 2003இல் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. விற்பவருக்கு இலாபம் எந்தப் பக்கமோ, பெயரும் அந்தப் பக்கம் சாய்கிறது. நமக்கோ பெயர் முக்கியமல்ல. அது எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இதற்கு நபி (ஸல்) அவர்களின் வீட்டிலிருந்தே இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம். இரண்டிலும் ஆயிஷா (ரழி) அவர்களே இருக்கிறார்கள்.

முதலாவது அபூதாவூதில் வருகிறது. பயணம் ஒன்றிலிருந்து நபியவர்கள் வீடு திரும்பியிருந்தார்கள். காற்று வீசித் திரை விலகியபோது ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகள் தெரிந்தன. இவை என்ன என்று கேட்டார்கள். நடுவில் நிற்பது என்ன என்று கேட்டார்கள். குதிரை என்றார்கள் ஆயிஷா (ரழி). அதன் மேலே இருப்பது என்ன? இறக்கைகள். குதிரைக்கு இறக்கையா? ஸுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று பதில் வந்தது. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும்படி சிரித்தார்கள்.

சகோதரிகளே, அந்தப் பொம்மை பறிக்கப்படவில்லை. முதலில் கேள்வி வந்தது, பின்பு சிரிப்பு வந்தது. பிள்ளையின் கையிலுள்ள பொம்மைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்பது சுன்னத்தான ஒரு வழிமுறை. பிள்ளைகளின் விளையாட்டுக்கான பொம்மைகளைப் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்திருப்பதற்கு இத்தகைய ஹதீஸ்களே ஆதாரம்.

இரண்டாவது சம்பவம் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளது. ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபியவர்களின் முகம் மாறியது. அந்தத் திரை அகற்றப்பட்டது. பின்னர் அதே துணி வெட்டப்பட்டுச் சாய்ந்துகொள்ளும் தலையணையானது.

சற்றுச் சிந்தியுங்கள். துணி ஒன்றுதான். உயரத்தில் தொங்கி, கண்ணுக்கு மதிப்பாக நின்றபோது வெறுக்கப்பட்டது. கீழே இறங்கிப் புழக்கத்துக்கு வந்தபோது ஆட்சேபனை நீங்கியது. உருவங்களைப் பற்றி உலமாக்களிடையே விரிவான கருத்து வேறுபாடுகள் இருந்தாலும், கண்ணியப்படுத்தி வைக்கப்படும் உருவத்துக்கும் புழக்கத்தில் கிடக்கும் உருவத்துக்கும் இடையே வேறுபாடு காட்டுவோர் இதையே ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

இப்போது அலுமாரிக்கு வருவோம். சிறுவன் கையில் நிலத்தில் உருளும் ஸ்பைடர்மேன் ஒரு விளையாட்டுப் பொருள். வளர்ந்தவன் விளக்குப் போட்டு, கண்ணாடிக்குள் நிறுத்தி, எவரும் தொடக்கூடாது என்று காவல் காக்கும் ஸ்பைடர்மேன் விளையாட்டுப் பொருள் அல்ல. விளையாட்டுக்காகக் கிடைத்த சலுகையை அதற்குக் கொடுக்க முடியாது. முழு உருவத்தை அலங்காரமாக நிறுத்தி வைப்பது கூடாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு.

"இதற்கு மதிப்பு இருக்கிறது, பிற்காலத்தில் விலை ஏறும்" என்று மகன் சொல்வான். அதையும் பார்ப்போம். சேகரிப்போர் பெட்டியின் மூலைகள் மடிந்துள்ளனவா, ஒட்டு பிரிந்துள்ளதா, முகம் நடிகரின் முகத்தை ஒத்துள்ளதா, மூட்டுகள் எத்தனை, துணைப் பொருட்கள் குறைவின்றி உள்ளனவா என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள். 100 புள்ளிகளுக்கு மதிப்பிட்டு மூடி முத்திரையிட்டுக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. ஹொங்கொங்கின் ஹொட் டோய்ஸ் நிறுவனத்தின் பல உருவங்கள் 200 டொலரைத் தாண்டுகின்றன.

விற்பவர்களின் சூட்சுமமும் இருக்கிறது. 2005இல் டோய் பிஸ் ஒரு பெரிய உருவத்தைத் துண்டுகளாக்கி, ஒரு பெட்டியில் கை, இன்னொன்றில் கால் என்று வைத்தது. முழு உருவம் வேண்டுமானால் வரிசையிலுள்ள எல்லாவற்றையும் வாங்க வேண்டும். பின்னர் ஹஸ்ப்ரோவும் இதே முறையைத் தொடர்ந்தது. "இன்னும் ஒன்றுதான் குறைகிறது" என்று மகன் சொல்லும்போது, அந்தக் குறையே ஒரு விற்பனைத் தந்திரம் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

விலை ஏறும் என்பதும் உறுதியல்ல. 1970களின் மெகோ நிறுவனத்து சுப்பர்மேன், பெட்மேன் உருவங்கள் நல்ல நிலையில் அரிதாக இருப்பதற்குக் காரணம், அன்றைய பிள்ளைகள் பெட்டியைக் கிழித்தெறிந்து, ஆசை தீர விளையாடி உடைத்ததுதான். இன்று உலகமெங்கும் பெட்டி திறக்காமல் பூட்டி வைக்கிறார்கள். எல்லோரும் பாதுகாக்கும் பொருள் எப்படி அரிதாகும்? 1992இல் சுப்பர்மேன் இறக்கும் சித்திரக்கதை வெளியானபோது பலர் பிரிக்காமலே எடுத்து வைத்தார்கள். இலட்சக்கணக்கில் அச்சான அது இன்றும் எளிதில் கிடைக்கிறது. அத்தோடு, வெப்பத்தில் மென்மையான பிளாஸ்டிக் பிசுபிசுக்கும். வெயில் பட்டால் நிறம் மாறும்.

விற்கும் நிய்யத்தோடு வாங்கியிருந்தால் அது வியாபாரப் பொருளாகி, ஸகாத் பற்றிய கேள்வி எழுகிறது. உருவங்களை விற்பது ஆகுமா என்ற கேள்வி அதற்கும் முன்னால் நிற்கிறது. முதலீடு என்று சொன்னால் தப்பிவிடலாம் என்று நினைக்கும் மகனுக்கு இதையும் தெரியப்படுத்துங்கள்.

அப்படியானால் வாப்பா உடைக்கலாமா? வேண்டாம். அது உழைக்கும் மகனின் பணம். உடைந்த பிளாஸ்டிக்கோடு உறவும் உடைந்தால் எதைக் கொண்டு ஒட்டுவது? அந்தத் திரைச்சீலை எரிக்கப்படவில்லை, தலையணையானது என்பதை வாப்பாவுக்கு நினைவூட்டுங்கள்.

நீங்கள் ஒரு நாள் தேநீரோடு மகனின் அருகில் அமருங்கள். "இது யார் மகன்? இவன் கதை என்ன?" என்று கேளுங்கள். அவன் சொல்லட்டும். தோர் என்ற பாத்திரம் படத்தில் கடவுளாகக் காட்டப்படுவதைச் சொல்லும்போது, தவ்ஹீதைப் பற்றி இரண்டு வார்த்தை பேச உங்களுக்கும் இடம் கிடைக்கும். ஒரு வருடச் செலவை அவன் கையாலேயே எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். பிறகு, பெட்டிகளைத் திறந்து தம்பிக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் கொடுக்க அவனையே தூண்டுங்கள்.

கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கை: சிறு துண்டுகள் உள்ளவை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. 2007இல் மெட்டல் நிறுவனம் காந்தம் கழன்று விழக்கூடும் என்பதால் பெட்மேன் உருவங்கள் உட்படப் பல பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. விழுங்கிய காந்தங்கள் குடலைத் துளைத்துவிடும்.

அலுமாரி ஒரே நாளில் வெறுமையாகாது. முதல் பெட்டியை மகன் தானே திறந்து தம்பியின் கையில் வைக்கும் நாளில் வேலை பாதி முடிந்துவிடும். அல்லாஹ் நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. ஆமீன்.