ஏ.எம். இருக்கா என்று முதலில் கேளுங்கள்

2023 டிசம்பர் 19, செவ்வாய்க்கிழமை காலை. வீட்டுப் பரணில் ஏறி ஓர் அட்டைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் என் காரிலிருந்து ஒரு வருஷத்துக்கு முன் கழற்றிய பழைய ரேடியோ செட் இருந்தது. ஏரலில் இருக்கும் தங்கச்சியிடமிருந்து ஒரு தகவலும் இல்லாமல் ஒன்றரை நாள் ஆகியிருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. போனில் டவர் இல்லை. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் போய்விட்டது என்பது மட்டும் வாய்வழியாக வந்திருந்தது.

விளாத்திகுளத்தில் எனக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. கார் 2010 மாடல் டிசையர், இரண்டாம் கையாக வாங்கியது. சீசனில் வாரம் ஒரு தடவையாவது விருதுநகர் மார்க்கெட்டுக்குப் போய் வருவேன். நாகலாபுரம் தாண்டிவிட்டால் இருபுறமும் கரிசல்தான். நிழலுக்கு உடைமரம், நடுநடுவே பருத்தி, கம்பு, உளுந்து. அந்தப் பாதையில் எனக்குப் பேச்சுத் துணை அந்தக் கம்பெனி செட்தான். சி.டி. போடலாம். எஃப்.எம். உண்டு, ஏ.எம். உண்டு. நான் அதிகமாகக் கேட்டது ஏ.எம்., அதாவது மீடியம் வேவ். காலையில் செய்தி, பிறகு விவசாயிகளுக்கான நிகழ்ச்சி, மழைக்காலத்தில் வானிலை. வத்தலைக் களத்தில் காயப்போட்டவனுக்கு மழை எந்தப் பக்கம் இறங்கும் என்பது பணம்.

2022 தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்த தங்கச்சி மகன், காரில் ஏறியதும் செட்டைத் தட்டிப் பார்த்தான். "மாமா, இதைத் தூக்கிப் போட்டுட்டு ஆண்ட்ராய்டு செட் ஒண்ணு மாட்டிருவோம். மேப் பாக்கலாம், ரிவர்ஸ் கேமரா வெச்சுக்கலாம், போன் பேசலாம்" என்றான். "இதுல ஏ.எம். வருதே மாப்ளே" என்றேன். "இந்தக் காலத்துல ஏ.எம். யாரு மாமா கேக்கா?" என்றான். அவன் என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னான், தன் காசில்தான் வாங்கியும் கொடுத்தான். எனக்கும் கண் பழுதாகிக்கொண்டு வருகிறது. பின்னால் என்ன நிற்கிறது என்று காட்டும் கேமரா நல்ல வசதி என்று நினைத்தேன். இன்றும் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கடையின் பெயரும் ஊரும் வேண்டாம். வேலை செய்த பையனுக்கு இருபது வயது இருக்கும். டேஷ்போர்டு பிரேமை நெம்பி எடுத்தான், நான்கு ஸ்க்ரூ கழற்றினான், செட்டை வெளியே இழுத்தான். பின்பக்கம் ஒரு கொத்து ஒயர், அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் கப்ளர். நகத்தால் அழுத்தினால் கழன்று வரும் கிளிப் அது. பையன் அதை அழுத்தவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து, கப்ளருக்கு நான்கு விரற்கடை தள்ளி, ஒயர்களை ஒவ்வொன்றாக நறுக்கினான். "ஏன் தம்பி வெட்டுதீக?" என்று கேட்டேன். "புது செட்டுக்கு இது சேராதுண்ணே" என்றான். பிறகு முனைகளைப் பல்லால் உரித்து, புது செட்டின் ஒயரோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, எல்லாவற்றையும் டேஷ்போர்டுக்குள் திணித்துவிட்டான். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய செட்டைக் கடையிலேயே விட்டுவிடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. வெட்டுப்பட்ட கப்ளர் பின்னால் தொங்க, அதை அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

பழைய காரில் செட் மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இங்கேதான் இருக்கிறது. கார் ஒயரை வெட்டவே வேண்டாம். ஒரு முனை காரின் கப்ளரிலும் மறுமுனை புது செட்டிலும் போய்ச் சேரும் மாற்றுக் கப்ளர் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான். அதைப் போட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் பழைய செட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். காரை விற்கும்போதும் வாங்குகிறவன் முகம் சுளிக்க மாட்டான். வெட்டி முறுக்கிய இடம் அப்படியே நிற்பதில்லை. சித்திரை வெயிலில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து ஸ்டீயரிங்கைத் தொட்டவர்களுக்குத் தெரியும், டேஷ்போர்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று. அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். காரின் குலுக்கலில் முறுக்கு தளரும். பேட்டரியிலிருந்து நேரே வரும் ஒயர் பாடியில் பட்டால் ஃபியூஸ் காப்பாற்ற வேண்டும். ஃபியூஸைத் தவிர்த்து ஒயர் இழுத்திருந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை.

கடையில் வாங்கும் செட்டுகளுக்கு ஒயரின் நிறம் பெரும்பாலும் ஒரே கணக்குதான். மஞ்சள், எந்நேரமும் பேட்டரியோடு இருக்கும். நேரத்தையும் நாம் பிடித்துவைத்த நிலையங்களையும் செட் மறக்காமல் இருப்பது அதனால்தான். சிவப்பில் சாவியைத் திருகினால்தான் கரண்ட் வரும். கறுப்பு எர்த். என் காரில் பையன் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி பேட்டரி லைனில் கொடுத்துவிட்டான். அப்படிச் செய்தாலும் செட் பாடும், ஆனால் சாவியை எடுத்த பிறகும் முழுசாகத் தூங்காது. மூன்று நாள் காரை எடுக்காமல் இருந்தால் பேட்டரி இறங்கிவிடும். பேட்டரி வயசாகிவிட்டது என்று நினைத்துப் புது பேட்டரி வாங்கினேன். அதுவும் இறங்கியது. எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர்தான் மீட்டர் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். கடையில் வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டு, செட் முழுக்க அணைகிறதா என்று நின்று பாருங்கள். அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

புது செட்டில் ஏ.எம். கிடையாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது திரையின் அளவும் மெமரியும். எஃப்.எம். மட்டும் வந்தது, அதுவும் இரைச்சலோடு. தூத்துக்குடி இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கிறது, அதனால்தான் போலும் என்று விட்டுவிட்டேன். மற்றபடி பாட்டு, செய்தி, மேப் எல்லாம் போனின் இணையத்தில் வந்துகொண்டிருந்ததால், போன் இருக்கும்வரை ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை அந்த மழை வந்தது. 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். எங்கள் கரிசலில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு சேருமா என்பது சந்தேகம். ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி எல்லாம் தீவாகிவிட்டன. நான் காரில் உட்கார்ந்து அந்தப் பெரிய திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இணையம் இல்லை என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எஃப்.எம்.மில் சொர்ரென்று இரைச்சல். தங்கச்சி வீடு ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி.

செவ்வாய் காலையில் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி எலக்ட்ரீசியன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் திண்ணையில் ஒரு பழைய பேட்டரி இருந்தது. வெட்டிய கப்ளரில் மிச்சமிருந்த அந்த நான்கு விரற்கடை ஒயரில் எது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிளஸ்ஸில் ஃபியூஸோடு இரண்டு, மைனஸில் ஒன்று, ஒரு கதவு ஸ்பீக்கருக்கு இரண்டு. ஏரியல் துளையில் ஒரு நீள ஒயரைச் செருகி, மறுமுனையை முருங்கை மரக் கொப்பில் போட்டார். பட்டனை அழுத்தியதும் பச்சை வெளிச்சம் வந்தது. ஏ.எம்.முக்கு மாற்றித் தேடவிட்டோம். கரகரப்புக்கு நடுவே ஒரு பெண்குரல் தமிழில் செய்தி வாசித்தது. எந்த நிலையம் என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நிற்பது, அதில் எண்ணூறு பேர் வரை சிக்கியிருந்தது, ஹெலிகாப்டரில் சாப்பாடு போடுவது, ஏரல் பக்கம் மீட்புப் படை போய்க்கொண்டிருப்பது எல்லாம் அந்தத் திண்ணையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. பத்து நிமிஷத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் அந்தப் பக்கம் யாரோ ஒரு சொந்தம் இருந்தது. ஒரு பாட்டி ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி மாடியில் பத்திரமாக இருக்கிறாள் என்ற செய்தி வியாழக்கிழமைதான் எனக்கு வந்தது. அதுவரை ஏரல் என்ற பெயரை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்ததே எனக்குப் பிடிமானம்.

மீடியம் வேவுக்கு ஏன் இந்தச் சிறப்பு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எஃப்.எம். அலை கோபுரத்திலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரம் மாதிரி நேர்கோட்டில் போவது. மீடியம் வேவ் தரையைத் தொட்டுக்கொண்டே நூறு, இருநூறு கிலோமீட்டர் போகும். ஒரு மாவட்டமே இருளில் கிடந்தாலும் அடுத்த மாவட்டத்திலிருந்து பேசலாம். ராத்திரியில் மேல்வானத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தூரம் போகும். உப்புத் தண்ணீரின் மேல் அது சுலபமாகப் பயணம் செய்யும். வேம்பார், கீழவைப்பார் கரையில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரிக் கேட்டது அதனால்தான். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவையும் பி.எச்.அப்துல் ஹமீதையும் எங்கள் தலைமுறை தன் ஊர்க்காரர்களாகவே நினைத்தது. இந்தப் பக்கமிருந்து இலங்கைக்குக் கேட்கும்படி தூத்துக்குடியில் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை ஆகாசவாணி வைத்ததற்கும் அதே கடல்தான் காரணம். 1963-ல் நெல்லையில் வானொலி நிலையம் வந்ததை என் அப்பா ஊருக்கு ரயில் வந்ததுபோலச் சொல்வார். காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஊர் இது. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிய விளாத்திகுளம் சாமிகள் இருந்த ஊர். அவர் குரல் எனக்குக் கிட்டவில்லை, எழுத்தாளர் கி.ரா. அவரைப் பற்றி எழுதியதைப் படித்ததோடு சரி.

இப்போது ஏ.எம். இரண்டு பக்கமும் தேய்ந்துகொண்டு வருகிறது. பல ஊர்களில் மீடியம் வேவ் ஒலிபரப்பை பிரசார் பாரதி நிறுத்தி எஃப்.எம்.முக்கு மாறுகிறது. கார் பக்கம், கடையில் விற்கும் தொடுதிரை செட்டுகள் பலவற்றில் அது கிடையாது. மின்சாரக் கார்களில் மோட்டாரின் இரைச்சல் ஏ.எம்.மைக் கெடுக்கிறது என்று சில கம்பெனிகள் அதை எடுத்தேவிட்டன. அமெரிக்காவில் இதே நிலைமை வந்தபோது ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ஃபோர்டு கம்பெனி புதுக் கார்களில் ஏ.எம்.மை நீக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் 2023 மே மாதம் அந்த முடிவைக் கைவிட்டது. ஒவ்வொரு வண்டியிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்று அங்கே சட்ட முன்வடிவே கொண்டுவந்தார்கள். புயல் நேரத்தில் அதுதான் கேட்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

நம் அரசுக்கும் இது தெரியாததில்லை. செல்போன்களில் எஃப்.எம். வசதி இருந்தால் அதை அடைத்து வைக்கக்கூடாது, பேரிடர் காலத்தில் அது வேண்டும் என்று மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-ல் போன் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. அதே அறிவுரை கார் செட்டுக்கும் வர வேண்டும். செட்டில் ஏ.எம். உண்டா இல்லையா என்பதைப் பெட்டியின் மேல் திரை அளவு எழுதும் அதே எழுத்தில் எழுத வேண்டும். கடலோர மாவட்டங்களுக்கு ஒலிபரப்பும் மீடியம் வேவ் கோபுரங்களை, கேட்பவர் எண்ணிக்கையைக் காட்டி மூடக்கூடாது. வெள்ளம் வராத நாளில் படகை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கரண்ட் போன வீட்டிலும் கார் பேட்டரி உயிரோடு இருக்கும். ஒவ்வொரு தெருவிலும் ஒரு கார் நிற்கும் இந்தக் காலத்தில், தெருவுக்கு ஒரு வானொலி செலவில்லாமல் நம் கையில் இருக்கிறது.

பொங்கலுக்கு வந்த தங்கச்சி மகனே மாற்றுக் கப்ளரும் கொண்டுவந்தான். எலக்ட்ரீசியன் வெட்டுப்பட்ட ஒயர்களை ஈயம் வைத்து ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உறை போட்டார். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது: ஏரியலின் பூஸ்டருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டிய நீல ஒயரை அந்தப் பையன் சேர்க்காமல் டேப் சுற்றி விட்டிருந்தான். எஃப்.எம். இரைந்ததற்கு அதுதான் காரணம். சில கார்களில் மட்டும் உள்ள சங்கதி இது, ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது டேஷ்போர்டில் மறுபடியும் பழைய செட்தான் இருக்கிறது. கேமராவுக்கு மட்டும் சின்னத் திரை ஒன்று தனியாகக் கண்ணாடியோடு சேர்த்து மாட்டியிருக்கிறேன். புது செட் வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று. ஏ.எம். இருக்கா என்று கடையில் முதலில் கேளுங்கள். ஒயரை வெட்ட விடாதீர்கள். கழற்றிய செட்டைக் கப்ளரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.