நெட்வொர்க்கிங்கில் எம்.இ. சேர்த்து விடலாமா?

டெலிபோன் இலாகாவில் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. "பையன் பி.இ. முடிச்சுட்டான் அண்ணா, வேலை இன்னும் அமையல. நெட்வொர்க்கிங்குல எம்.இ. சேர்த்து விடட்டுமா?" பையன் சும்மா இருக்கிறான் என்று நாலு பேர் பேசக் கூடாது, பாதிக் காரணம் அதுதான். அதற்காக என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பொறியியல் சேர்ந்தார்கள். கட்டணத்தை அரசே கட்டியது. அந்த முதல் அணி 2025-ல் பட்டத்தோடு வெளியே வந்தது. ஆனால் அந்தச் சட்டம் இளநிலைப் படிப்புக்கு மட்டும். எம்.இ. என்றால் வீட்டுப் பணம்தான். தக்காளி விலையை நம்பி இருக்கும் பாலக்கோட்டு விவசாயி வீட்டில் அது நகையாகவோ நிலப்பத்திரமாகவோதான் இருக்கும்.

முதலில் அந்தப் படிப்பு என்ன என்று பார்ப்போம். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வழி அடைத்துக் கொண்டால், அரூர் போய் மஞ்சவாடி வழியாகச் சேலம் போகிறோம் இல்லையா? இணையத்தில் ஒரு பாதை அறுந்தால் ரூட்டர் என்ற பெட்டி அதே வேலையைச் சில நொடிகளில் செய்கிறது. அந்தப் பெட்டிக்குக் கட்டளை கொடுத்து ஓட வைப்பது ஒரு வேலை. எது குறுக்கு வழி என்று பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கான கணக்கை டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேனா காகிதம் இல்லாமல், இருபது நிமிடத்தில் போட்டாராம். இன்றும் ரூட்டர்களுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் வேலைக்கு எம்.இ. தேவையில்லை. சி.சி.என்.ஏ. மாதிரி ஒரு சான்றிதழ், சில மாதப் பயிற்சி, பிறகு பெங்களூருக்கு பஸ் ஏறலாம். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, இரவு ஷிப்டும் இருக்கும். இருந்தாலும் கையில் அனுபவம் சேரும். எம்.இ. இரண்டாவது கேள்விக்கானது. அதில் நிகழ்தகவு, வரிசைக் கோட்பாடு, கம்பியில்லாத் தொடர்பு என்று கணக்கு நிறைய. கணக்கைக் கண்டு ஓடுகிறவனை அதில் உட்கார வைப்பது அவனுக்குத் தண்டனை, அப்பாவுக்குக் கடன். பெற்றோர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கொள்கிறார்கள். சில கல்லூரிக்காரர்களும் அதைத் திருத்துவதில்லை.

கணக்கில் ஆசை உள்ள பிள்ளை என்றால் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் கேட் தேர்வு எழுதித் தேறிவிட்டுப் போகட்டும். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இது தெரியவில்லை. கேட் தேர்ச்சியோடு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற இடத்தில் முழுநேர எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, 24 மாதத்துக்கு. கூட்டிப் பாருங்கள், 2,97,600 ரூபாய். கடன் வாங்காமலே படிக்கிற வழி கிட்டத்தட்ட அதுதான். கேட் இல்லாதவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் சீட்டா என்ற தேர்வு நடத்துகிறது. அதில் இடம் கிடைக்கும், இந்தத் தொகை கிடைக்காது. ஒரே படிப்பு, ஒரே பெஞ்சு, ஆனால் ஒருவனுக்கு மாதாமாதம் பணம் வருகிறது, பக்கத்தில் இருப்பவன் வீட்டில் வட்டி கட்டுகிறார்கள்.

பிள்ளைக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இணையத்தில் இலவசம். நெட்வொர்க்கிங்கில் பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள். நாலாவது வாரத்தில் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான் என்றால் பணம் மிச்சம். பன்னிரண்டு வாரமும் பார்த்துவிட்டு மேலே கேள்வி கேட்கிறான் என்றால் கேட்டுக்குப் பணம் கட்டுங்கள். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே அதை எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும்.