கொழுப்பின் சமிக்ஞையும் புற்றுநோயும்: மருந்து யாருக்கு?

மூக்கண்டப்பள்ளியில் ஷிப்டு முடிந்து வெளிவரும் சிப்காட் தொழிலாளியிடம் "மைக்ரோ ஆர்.என்.ஏ." என்று சொன்னால், "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்பார். சம்பந்தம் உண்டு. அவர் உடம்பைப் பற்றிய விஷயம் அது; அவர் பணத்தைப் பற்றிய விஷயமும்கூட.

1993ல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இதைக் கண்டவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும். பல ஆண்டுகள் உலகம் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 2024ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படி என்ன அது? பட்டறை உதாரணமே போதும். ஆபீஸ் பீரோவில் இருக்கும் மூல டிராயிங்தான் ஜீன். அதன் நகல் மெஷினுக்கு வருகிறது. அந்த நகலைப் பார்த்துச் செல் புரதத்தைச் செய்கிறது. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., அந்த நகலில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கிறது. டிராயிங் பத்திரமாக இருக்கும். பொருள் மட்டும் வராது.

இதில் கொழுப்பு எங்கே வந்தது? கொழுப்பு என்றால் தொந்தி மட்டுமல்ல. செல்லின் சவ்வே பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அந்தச் சவ்வில் 'பிப்-3' என்ற கொழுப்பு மூலக்கூறு உண்டானால், "வளர், பெருகு" என்று செல்லுக்கு உத்தரவு. 'பிடென்' என்ற புரதம் அந்த ஸ்விட்சை அணைக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. 21 அளவு மீறினால் பிடென் குறைகிறது. அணைப்பாரில்லாமல் மெஷின் ஓடிக்கொண்டேயிருக்கும். கல்லீரல் புற்றில் இப்படி நடப்பதை 2007ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. 122 இதற்கு நேர்மாறு: அது கல்லீரலின் காவல்காரன். அதை நீக்கிய எலிகளின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது, பிறகு புற்றுக் கட்டியும் வளர்ந்தது என்பது 2012ல் வெளிவந்தது.

இது அந்நிய நாட்டு வித்தை மட்டுமல்ல. நமக்குப் பக்கத்திலுள்ள பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், வாய்ப்புற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 155 ஒரு காவல் புரதத்தை அமுக்குவதை 2013ல் கண்டறிந்தார்கள். அந்தக் கழகம் நடப்பது மக்களின் வரிப்பணத்தில்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். இந்த வழியில் புற்றைக் குணமாக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. 34-ஐ ஒத்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை, கடுமையான பக்கவிளைவுகளால் 2016ல் நிறுத்தப்பட்டது. ஆகவே "அற்புத மருந்து" என்று விற்பவர்களிடம் யாரும் ஏமாறவேண்டாம்.

நாளை மருந்து வரும். அப்போது அது யாருக்கு? கல்லீரல், சிறுநீரகப் புற்றுக்கான சொராஃபெனிப் மாத்திரையின் கதையைப் பாருங்கள். பேயர் கம்பெனி மாதத்திற்குச் சுமார் 2,80,000 ரூபாய் கேட்டது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அதிகாரி கட்டாய உரிமம் வழங்கினார். அதே மாத்திரையை நாட்கோ 8,880 ரூபாய்க்குத் தர முன்வந்தது. இரண்டு விலைக்கும் நடுவே நின்றது விஞ்ஞானமா? இல்லை, ஏகபோகம்!

எனவே நாம் கேட்பது இதுதான்: பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் பலன் பொதுச் சொத்தாக இருக்கட்டும். கட்டாய உரிமச் சட்டத்தைத் தளர்த்தாதீர்கள். தேவைப்படும்போது தயங்காமல் பயன்படுத்துங்கள். மருந்து வரும்வரை காத்திராமல் வாய், மார்பு, கருப்பைவாய்ப் பரிசோதனையை ஆலை வாசலுக்கே கொண்டுவாருங்கள்.

ஈ.எஸ்.ஐ.க்காகக் கூலியில் பிடித்தம் கொடுக்கும் தொழிலாளி பிச்சை கேட்கவில்லை. தன் பங்கைக் கேட்கிறான்.