கேரட்டுக்கு விலை வந்தால் யாருக்கு வரும்?

'மலைக்காய்கறிக்குக் கட்டுப்படியாகும் விலை கொடு' என்று சுவரில் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கேரட் இல்லை, கோஸ் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. பக்கத்துக் கேரளம் 2020இல் 16 விளைபொருட்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. இங்கே ஏன் முடியாது? சரி. ஆனால் தோழர்களே, வருகிற விலை யார் மடியில் விழும் என்று கேட்டோமா?

நீலகிரியில் கேத்தி, முத்தொரைப் பாலாடா பக்கம் சரிவில் குனிந்து நிற்பவர்களில் பலர், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பெரும்பகுதி நம்ம சனம். அங்கேயும் கூலி, இங்கேயும் கூலி. துணிந்த சிலர் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துக் கேரட் போடுகிறார்கள். எழுத்து கிடையாது; வாய்ப்பேச்சுதான்.

கணக்கைப் பாருங்கள். குத்தகைப் பணம் விதைக்குமுன்பே போய்விடுகிறது. விதை, உரம், மருந்து, லாரி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவதுதான் பாடுபட்டவர் கூலி. மேட்டுப்பாளையம் மண்டியில் விலை பாதியானால் லாரிக்காரர் பாதி வாடகையா வாங்குவார்? அடி மிஞ்சுவதில்தான் விழும். விலை ஏறினால்? அடுத்த போகத்துக்கு நிலக்காரர் சொல்வார்: "கேரட்டு நல்லா போவுதே, குத்தகையை ஏத்திக் குடு." நட்டம் பாடுபட்டவருக்கு, லாபம் பட்டாவுக்கு.

நான் கவிதை எழுதுபவன். சோற்றுக்கு வங்கிக் குமாஸ்தா. கடன் மேசையில் தினமும் நான் கேட்கிற முதல் கேள்வி: "நிலம் யாரு பேருல?" பட்டா இருந்தால் 3 லட்சம் வரை பயிர்க்கடன் 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4. கிசான் கடன் அட்டை குத்தகைக்காரருக்கும் உண்டு என்கிறது விதி. அத்தாட்சி யார் தருவது? எழுதிக் கொடுத்தால் உரிமை கேட்பானோ என்று நிலக்காரருக்குப் பயம். அப்புறமென்ன, தாலி அடகுக்குப் போகும். இல்லைன்னா மண்டியில் முன்பணம் வாங்கி, விளைந்ததை அங்கேயே போடணும். 2019இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தின் வருஷம் 6000 ரூபாயும் நிலமுள்ள குடும்பத்துக்கே.

'சிறு விவசாயிகளைப் பிரிக்காதே' என்பார்கள். பிரித்தது நாமா, பட்டாவா? ஒரு ஏக்கர் பட்டாக்காரரும் மண்டியில் அடிபடுகிறார், மறுக்கவில்லை. அவரோடு நின்று விலை கேட்போம். நாம் குத்தகைப் பதிவு கேட்கும்போது, கூலி கேட்கும்போது, அவர் நம்மோடு நிற்பாரா?

குத்தகை உரிமையைப் பதியத் தமிழ்நாட்டில் 1969இலேயே சட்டம் வந்தாச்சு. புத்தகத்தில் தூங்குகிறது. எழுப்புவோம். வாய்ப்பேச்சுக் குத்தகையைப் பதிவு செய். பயிரிடுபவர் பேரில் கடன் கொடு. களை எடுப்பவள், கேரட் கழுவுபவள் கூலியை விலையோடு சேர்த்து ஏற்று. இந்த மூன்றும் இல்லாத விலைப் போராட்டத்தில் கொடி பிடிக்கிறது நாம். அறுக்கிறது வேற ஆளு.