வாடகைக்கு விட வீடு வாங்கும் வணிகர் கவனத்திற்கு

வியாபாரி கையில் நாலு காசு சேர்ந்தால் முன்பெல்லாம் நகை வாங்குவார், இல்லையேல் சொந்த ஊரில் நிலம் வாங்குவார். இன்று கடை வைத்து இருபது ஆண்டு ஆன எவரிடம் பேசினாலும், "ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டுவிட வேண்டும், வயதான காலத்தில் மாதாமாதம் பணம் வரும்" என்கிறார். ஆசை நியாயமானது. நம் தொழிலில் ஓய்வூதியம் கிடையாது. கல்லாவில் உட்கார முடியாத நாளிலும் அடுப்பு எரிய வேண்டும்.

ஆனால், பருப்பு மூட்டை வாங்க நான்கு மொத்தக் கடைகளில் விலை விசாரிக்கிற அதே வியாபாரி, நாற்பது லட்சம் ரூபாய் வீட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். வாடகை வீடும் ஒரு சரக்குதான். கடைக் கணக்கில் தேறாதது வீட்டுக் கணக்கிலும் தேறாது. கடை முதலைக் கரைத்து எந்த வீட்டையும் வாங்கக்கூடாது என்பதே என் கருத்து.

மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் முதன்முதலாக வாடகைக்கு விட வீடு தேடியபோது, சில வாரங்கள் அவருடன் நானும் பொம்மையார்பாளையம் பகுதியில் அலைந்தேன். வானூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குக் கிழக்கே கடல், மேற்கே 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில், தெற்கே புதுச்சேரி நகரம், வடக்கே காலாப்பட்டில் பல்கலைக்கழகம். நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. வாடகைக்கு ஆள் கிடைக்கும் ஊர் என்பதில் சந்தேகமில்லை. அங்கே கண்டதும் கேட்டதும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

தரகர் கணக்கும் நம் கணக்கும்

தரகர் காட்டிய முதல் வீட்டின் விலை 40 லட்சம். இரண்டு போர்ஷன். "சனி ஞாயிறு சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் ஒரு நாளைக்கே இரண்டாயிரம் கிடைக்கும் முதலாளி" என்று சொல்லி, அதை முப்பதால் பெருக்கிக் காட்டினார். சனி ஞாயிறு கூட்டம் செவ்வாய் புதனில் வராது என்பதைக் கடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தினவாடகை என்றால் துணி வெளுக்க, கூட்டிப் பெருக்க, சாவி கொடுக்க ஆள் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். அது வாடகை வருமானம் அல்ல, இன்னொரு தொழில். ஒரு கடையை நடத்துகிறவர் அதையும் சேர்த்து நடத்த முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே மாத வாடகைக்கே கணக்குப் போட்டோம். விலை 40 லட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 3 லட்சத்து 60 ஆயிரம். தரகு, பழுது, வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து அடக்கம் 45 லட்சம் ஆகிவிடுகிறது. போர்ஷனுக்கு 8,000 வீதம் மாதம் 16,000 வாடகை.

இங்கே மரக்காணம் உப்பளக்காரரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். மழை மாதங்களில் பாத்தியில் உப்பு விளையாது என்று தெரிந்தே அவர் ஆண்டுக் கணக்குப் போடுகிறார். வீட்டிலும் அப்படித்தான். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதமாவது போகும். எனவே பதினொரு மாதத்துக்கு 1,76,000. வீட்டு வரி, மோட்டார் பழுது, குழாய், மராமத்து என்று 16,000 போனால் மிச்சம் 1,60,000. போட்ட 45 லட்சத்துக்கு இது நூற்றுக்கு மூன்றரை ரூபாய்தான்.

நண்பர் கையில் 20 லட்சம் இருந்தது. மீதி 25 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 22,500. வீட்டின் நிகர வரவோ மாதம் 13,300. துண்டு விழும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கடைக் கல்லாவிலிருந்துதான் போக வேண்டும்.

அந்த 20 லட்சமும் கடைச் சரக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பணம். ரொக்கத்துக்கு வாங்குவதால் நூற்றுக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி கிடைத்து, மாதம் ஒருமுறை சரக்கு சுழன்றால் ஆண்டுக்கு 12 ரூபாய். அதைப் பிடுங்கி மூன்றரை ரூபாயில் போட்டுவிட்டு, தீபாவளிச் சரக்குக்குக் கந்துவட்டிக்காரரிடம் நிற்பது முதலுக்கே மோசம்.

வருமான வரியையும் பார்க்க வேண்டும். கட்டிய வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் புதிய வரிமுறையில் இருப்பவர், வட்டியால் வரும் வாடகை நட்டத்தைக் கடை வருமானத்தில் கழிக்க முடியாது. "நட்டம் வந்தாலும் வரி மிச்சம்" என்ற பழைய ஆறுதல் அவர்களுக்கு இல்லை.

"மனை விலை ஏறுமே" என்பார்கள். ஏறலாம். ஆனால் அது விற்கிற அன்றுதான் கைக்கு வரும். அதுவரை தவணை கட்ட உதவாது. மேலும் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்பதும் இல்லை. 2017 ஜூனில் தமிழக அரசே வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்ததை மறந்துவிடக்கூடாது.

கடலும் பத்திரமும்

கடல் தெரியும் வீட்டுக்கு இங்கே தனி விலை சொல்கிறார்கள். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, வடபுறக் கரை அரிப்புக்கு உள்ளானது. கல் கொட்டிய கரையையும், மீனவர் வீடுகளைக் கடல் கொண்டுபோனதையும் இப்பகுதியினர் கண்ணால் கண்டவர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, உள்ளே தள்ளியிருக்கும் மயிலத்திலேயே ஒரு நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

1991 முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உள்ளன. ஊரகப் பகுதிகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை பொதுவாகக் கட்டடம் கூடாது என்றது 2011 அறிவிக்கை. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. நாம் பார்க்கும் சர்வே எண் எதில் அடங்கும், வீட்டுக்கு முறையான அனுமதி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது.

பத்திர விஷயத்திலும் அவசரம் ஆகாது. தாய்ப்பத்திரம், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா ஆகியவற்றை நம் செலவில் நம் வக்கீல் பார்க்க வேண்டும். தரகர் அழைத்துவரும் வக்கீல் அல்ல. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் அந்த மனை சேர்க்கப்பட்டதா என்று பாருங்கள். கோயில், மடத்து நிலமாக இருந்தால் அறநிலையத்துறை ஆணையரின் அனுமதியில்லாத விற்பனை செல்லாது. புதுவை எல்லை இங்கே விட்டுவிட்டு வருவதால், வீடு தமிழகத்தில் உள்ளதா புதுவையில் உள்ளதா என்பதும் முக்கியம். கட்டணமும் சட்டமும் வேறு வேறு.

வீட்டுக்குப் பதில் கடை வாங்கி வாடகைக்கு விட நினைப்பவருக்கு ஒரு சொல். 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத உரிமையாளரின் கடையைப் பதிவு பெற்ற வணிகர் எடுத்தால், வாடகை மீதான 18 விழுக்காடு வரியை அந்த வணிகரே கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதில் விலக்கு உண்டு. வாடகை பேசும்போது எதிரே இருப்பவர் இந்தச் சுமையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்.

நாமும் குடியிருப்பவர்களே

நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடையில் தொழில் செய்கிறவர்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தம், திடீர் வாடகை உயர்வு, திரும்பி வராத அட்வான்ஸ் என்று எத்தனை புகார்கள் சங்கத்துக்கு வருகின்றன! அதே நாம் உரிமையாளர் ஆனதும் ரசீது கொடுக்க மறுப்பது நியாயமா?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதினொரு மாதத்துக்குத் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்வது மட்டும் போதாது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கண்டிருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. தகராறு என்றால் குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. இவை உரிமையாளருக்கும் பாதுகாப்புதான். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு யாரையும் காலி செய்யவைப்பது எளிதல்ல.

நண்பர் அந்த 40 லட்ச வீட்டை விட்டுவிட்டார். எட்டு மாதம் கழித்து, சாலைக்கு மேற்கே, 22 லட்சத்துக்குச் சற்றுப் பழைய வீடு ஒன்றை முடித்தார். தன் பழைய மனையை விற்ற பணம் போக 8 லட்சம் மட்டும் கடன், தவணை சுமார் 8,100. இரண்டு போர்ஷன் வாடகை 11,000. காலி மாதமும் செலவும் போக மாதம் 9,000 நிற்கிறது. பெரிய லாபம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைச் சரக்கு ஒரு மூட்டை குறையவில்லை.

முதல் வீடு வாங்குகிறவர் மூன்று கணக்கைப் பார்த்தால் போதும். கடையில் சுழலும் பணத்தைத் தொடக்கூடாது. பதினொரு மாத வாடகையில் செலவு போக நிற்பதற்குள் தவணை அடங்க வேண்டும். ஆறு மாதத் தவணை தனியே வங்கியில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த வீடு நமக்கு இப்போது வேண்டாம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருநாள் மாலை ஒரு வக்கீலையும் ஒரு ஆடிட்டரையும் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, வீடோ கடையோ வாங்கவிருக்கும் உறுப்பினர்களின் பத்திரங்களையும் கணக்கையும் பார்க்கச் செய்யலாம். வாடகை ஒப்பந்த மாதிரிப் படிவம் ஒன்றையும் அச்சடித்து வைக்கலாம். செலவு அதிகம் ஆகாது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு வருகிற புகாரை, கொடுக்கும் முன்பே தடுத்துவிடலாம்.