காளானுக்கு வாட்ஸ்அப் சான்றிதழ் வேண்டாம்

ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்தால் எங்கள் பக்கம் காளான் தேடக் கிளம்பிவிடுவோம். இரண்டு வருடத்துக்கு முன்பு காட்டோரப் புல்தரையில் ஏழெட்டு வெள்ளைக் குடைகள். போட்டோ எடுத்து குழுவில் போட்டேன். "புற்றுக்காளான்தான், பறிச்சுக்கோங்க" என்று பதில் வந்தது. குழம்பு வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் வீட்டில் நாலு பேருக்கும் வாந்தி, பேதி. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றித்தான் மீண்டோம்.

திரும்பி வந்து, பறிக்காமல் விட்ட இரண்டைப் பார்த்தேன். குடையின் அடி மடிப்புகள் பச்சையாக மாறியிருந்தன. மேலே பழுப்புச் செதில், தண்டில் வளையம். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்கிற நச்சுக்காளான் அது. இளசில் மடிப்பு வெள்ளையாகவே இருக்கும், ஏமாறுவது அங்கேதான். புற்றுக்காளானைத் தோண்டினால் தண்டு வேர்போல நீண்டு கரையான் புற்றுக்குள் போகும். நாங்கள் தோண்டவே இல்லை, ஒடித்து எடுத்தோம். அடித்தண்டு போட்டோவில் தெரியுமா?

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். குடையை மட்டும் வெட்டி வெள்ளைத்தாள் மேல் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் வித்துத்தூள் படிந்திருக்கும். பச்சை என்றால் குழியில் புதையுங்கள். புற்றுக்காளான் தூளில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். ஆனால் இந்தச் சோதனை தள்ளுவதற்கு மட்டும்தான். இதை வைத்து எதையும் சமைக்கக் கூடாது.

வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி கடித்தது நல்லது, மஞ்சள் போட்டால் விஷம் முறியும் என்பதெல்லாம் பொய். அமானிட்டா வகையில் சிலவற்றைத் தின்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, நடுவில் தேறியதுபோல ஒரு தெளிவு, அப்புறம் கல்லீரல் போய்விடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

இயற்கையில் விளைவதெல்லாம் நல்லது என்று மேடையில் பேசுகிறோம். அரளியும் ஊமத்தையும்கூட இயற்கைதான். காட்டு உணவு அறிவு என்பது அந்தந்த மண்ணில் பல காலம் பறித்துத் தின்றவர்களின் கையில் இருக்கிறது. நம் கூட்டங்களில் காட்டு உணவு பற்றிச் சொற்பொழிவு போதும். அந்தப் பெரியவர்களோடு மழைக்காலத்தில் ஒருநாள் நடப்போம். அதுவரை வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்த்துச் சாப்பிடுவோம்.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், கைவைத்தியம் பார்க்காமல் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.