கழற்ற முடியாத கால்

பங்குனி வெயில். மரக்காணம் உப்பளத்தில் ஒரு பெண் உப்பு வாருகிறாள். வெள்ளை வெளேரென்ற உப்பில் பட்ட வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. உப்புத் தண்ணீர் கால் வெடிப்பில் புகுந்து சுரீர் என்று எரிகிறது.

அவள் படும் பாட்டைப் பட்டணத்தில் உட்கார்ந்திருப்பவர் உணர முடியுமா? ஓரளவு முடியும் என்கிறது விஞ்ஞானம்!

ரப்பர் கை

1998-ஆம் ஆண்டில் பாட்வினிக், கோஹன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். ஒருவருடைய கையைத் திரைக்குப் பின்னால் மறைத்தார்கள். அவர் கண் முன்னால் ஒரு ரப்பர் கையை வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சில நிமிஷங்களில் ரப்பர் கையே தம்முடைய கை என்று அவருக்குத் தோன்றிவிட்டது!

கண் பார்ப்பதும் தோல் உணர்வதும் ஒத்துப்போனால் மனம் நம்பிவிடுகிறது.

இப்போது இதற்கு யந்திரமும் வந்திருக்கிறது. கண்ணில் ஒரு கருவியை மாட்டினால் வேறோர் உலகம் தெரியும். கையில் மாட்டும் உறை அதிர்ந்து, தொட்டது போன்ற உணர்ச்சியைத் தரும். சென்னை ஐ.ஐ.டி.யிலும் தொடு உணர்ச்சி பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. உப்பளத்துப் பெண்ணின் உடம்பே தம் உடம்பு என்று பட்டணத்துக்காரர் சிறிது நேரம் எண்ணலாம்.

நல்லதுதான். ஆனால் அது போதுமா?

வேலூர் டாக்டர்

கருவியால் வலியை உணர்த்தும் முயற்சி முன்பே நடந்திருக்கிறது. 1946-ல் வேலூருக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வலி தெரியாததால்தான் தொழுநோயாளிகளின் கை கால்கள் புண்ணாகி அழிகின்றன என்று அவர் கண்டார். பிற்பாடு அமெரிக்காவில், ஆபத்தை எச்சரிக்கும் உறைகளைச் செய்து பார்த்தார். எச்சரிக்கை தொந்தரவாக இருந்தபோது நோயாளிகள் அதை நிறுத்திவிட்டார்கள்! முயற்சி பலிக்கவில்லை.

நிறுத்தக் கூடிய வலியை யார் மதிப்பார்கள்? கருவி மாட்டியவர் ஐந்து நிமிஷத்தில் அதைக் கழற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார். உப்பளத்துப் பெண் தன் காலைக் கழற்றி வைக்க முடியுமா?

கருவி வரட்டும். கழற்றிய பிறகு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. காலுக்கு ரப்பர் பூட்ஸ், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, ஒதுங்க ஒரு கொட்டகை, குடிக்க நல்ல தண்ணீர். இவற்றைக் கொடுக்க எந்த மாயக் கருவியும் வேண்டாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த உப்பை விளைவிப்பவரை நினைக்க வேண்டாமா?